கவர்னருக்குப் பேய் உண்டு, கழுவேறியவனுக்கு இல்லை: கேப்டவுன் கோட்டையின் ஆவிக் கதைகள்

கேப்டவுன் நகரின் நடுவில், ரயில் நிலையத்துக்குக் கொஞ்ச தூரத்தில், ஐந்து முனை நட்சத்திர வடிவில் ஒரு கல் கோட்டை இருக்கிறது. பெயர் காசில் ஆஃப் குட் ஹோப். தென்னாப்பிரிக்காவில் இன்றும் நிற்கிற காலனிக் காலக் கட்டடங்களில் இதுதான் மிகப் பழையது. பேய் நடமாடும் இடங்கள் என்று இந்த நாட்டில் யார் பட்டியல் போட்டாலும் இந்தக் கோட்டை முன்வரிசையில் வந்துவிடும். கவர்னர் ஒருவர் அங்கே அலைகிறாராம். வெள்ளைக்காரச் சீமாட்டி ஒருத்தி விருந்துகளுக்கு வந்து போகிறாளாம். கருப்பு நாய் ஒன்று பாய்ந்து வந்து காணாமல் போகிறதாம். மணி தானாக அடிக்கிறதாம்.

இதையெல்லாம் நம்புவதா வேண்டாமா என்பது எனக்குப் பெரிய கேள்வி இல்லை. இந்த மதில்களுக்குள் செத்தவர்களும், இங்கே எழுதிய தீர்ப்பால் சாகடிக்கப்பட்டவர்களும் ஏராளம். அத்தனை பேரில் பேயாக அலைகிற உரிமை யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதுதான் என்னை விடாமல் இழுக்கிறது. கிடைக்காதவர்களில் நம் கடற்கரையிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களும் இருக்கிறார்கள்.

முதலில் கட்டடம். 1652இல் டச்சுக்காரர் யான் வான் ரீபீக் வந்து இறங்கியபோது கட்டியது மண் கோட்டை. கேப் என்று அழைக்கிற இந்தத் தென்முனைப் பகுதியின் மழைக்கு அது தாங்கவில்லை. இங்கிலாந்தோடு போர் மூண்டதும், டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி கல்லால் கட்ட முடிவு செய்தது. 1666 ஜனவரியில் அடிக்கல் போட்டு 1679இல் முடித்தார்கள். சுண்ணாம்புக்கு ராபன் தீவிலிருந்து கிளிஞ்சல் வந்தது. சிப்பாய்கள், மாலுமிகள், கைதிகள், அடிமைகள் என்று எல்லோரும் கல் சுமந்தார்கள். ஐந்து கொத்தளங்களுக்கும் டச்சு நாட்டின் ஆரஞ்சு இளவரசரின் பட்டங்களையே பெயராக வைத்தார்கள்: லேர்டாம், பூரன், காட்சனெல்லன்போகன், நாசாவ், ஒரான்யே. இப்போது நகரத்துக்குள் ஒதுங்கி நிற்கிற இந்தக் கோட்டையின் மதிலடி வரை அன்று கடல் இருந்தது. துறைமுகத்துக்காகப் பிற்பாடு மண் கொட்டிக் கடலைத் தள்ளிவிட்டார்கள்.

1690களில் முற்றத்தின் குறுக்கே 'கட்' என்ற கட்டடத்தை எழுப்பினார்கள். கவர்னரின் குடியிருப்பு அதில்தான். ஆலோசனை சபை கூடியதும் அங்கேதான். அதன் முன்னால் இருபுறமும் படியிறங்கும் அழகான மேடை ஒன்று இருக்கிறது. இன்று கல்யாண போட்டோ எடுக்க அதற்குப் போட்டி. அறிவிப்புகளையும் தீர்ப்புகளையும் அந்த மேடையிலிருந்துதான் வாசித்தார்கள். சாப்பாட்டு அறை, நடன அறை, நீதி சபை, சிறை எல்லாம் ஒரே மதிலுக்குள், கூப்பிடு தூரத்தில். மற்ற ஊர்களில் அரண்மனை ஒரு பக்கம், தூக்குமேடை ஒரு பக்கம் என்று இடைவெளி இருக்கும். இங்கே ஆட்சி செய்தவர் தூங்கின இடத்துக்கே கைதியின் முனகல் கேட்டிருக்கும். இந்த ஒரு கட்டடத்தில் இவ்வளவு கதைகள் குவிந்ததற்கு இதுவே பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

இனி கவர்னர் கதை. பீட்டர் கிஸ்பெர்ட் வான் நோட் 1727இல் கவர்னர் ஆனார். 1729 ஏப்ரல் 23 அன்று இறந்துபோனார். இந்த இரண்டு தேதிகளும் வரலாறு. மற்றதைக் கதை சொல்கிறது. தப்பியோடத் திட்டம் போட்டதாகச் சில சிப்பாய்கள் பிடிபட்டார்கள். சிலர் நாலு பேர் என்பார்கள், சிலர் ஏழு பேர் என்பார்கள். சபை, கசையடி கொடுத்து நாடு கடத்தினால் போதும் என்றது. கவர்னர் கேட்கவில்லை, தூக்கில் போடுங்கள் என்று பிடிவாதமாக நின்றார். தூக்குமேடையில் கடைசி ஆள், கோட்டையைப் பார்த்துத் திரும்பி, கவர்னரின் பெயரைச் சொல்லிக் கத்தினான்: இன்றே, இந்த நேரமே, கடவுளின் நியாய சபைக்கு வா, உன்னைக் கூப்பிடுகிறேன். வேலை முடிந்தது என்று சொல்ல அதிகாரிகள் போனபோது, கவர்னர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே செத்துக் கிடந்தார். முகத்தில் பயம் உறைந்திருந்தது. அன்றிலிருந்து அவர் அலைகிறார்.

கதை நடந்த காலத்தை நினைத்துப் பார்த்தால் சிப்பாய்கள் ஏன் ஓடினார்கள் என்பதில் மர்மம் இல்லை. கம்பெனியின் சிப்பாய்களில் பெரும்பகுதி ஜெர்மன் ஊர்களிலிருந்து வந்த ஏழைப் பையன்கள். சம்பளம் சொற்பம், ஒப்பந்தம் பல வருஷம், அடி உதை தாராளம். அதனால் ஓடிப்போவது அடிக்கடி நடந்தது. மரண தண்டனைக்குக் கவர்னரின் ஒப்புதல் வேண்டும் என்பதும் அன்றைய நடைமுறை. ஆகவே இந்தக் கதை பழியைச் சரியான ஆளின் தலையில்தான் போடுகிறது. நீதிபதிகளைத் தாண்டி, கையெழுத்துப் போட்டவனைத் தேடிப் போகிறது.

சாகப்போகிறவன் தன்னைக் கொல்கிற ஆட்சியாளனைக் கடவுளின் சபைக்கு அழைப்பதும், குறித்த கெடுவுக்குள் அந்த ஆட்சியாளன் சாவதும் ஐரோப்பாவுக்குப் பழகின கதை. ஸ்பெயின் பக்கத்து காஸ்டில் நாட்டு அரசர் 4ஆம் ஃபெர்டினான்ட் 1312இல் இளவயதில் திடீரென்று இறந்தார். அவர் கொல்லச் சொன்ன இரண்டு சகோதரர்கள் 30 நாள் கெடு கொடுத்ததாகச் சொல்வார்கள். 1314இல் எரிக்கப்பட்ட, டெம்ப்ளர் என்ற கிறிஸ்தவத் துறவிப் படையின் தலைவர் போப்பையும் பிரெஞ்சு அரசரையும் இப்படி அழைத்ததாக ஒரு கதை உண்டு. அந்த வருஷமே இருவரும் இறந்தார்கள். ஜெர்மனியிலிருந்தும் ஹாலந்திலிருந்தும் வந்த சிப்பாய்கள் இந்த மாதிரிக் கதைகளைக் கேட்டு வளர்ந்திருப்பார்கள். வெறுத்துப்போன ஒரு கவர்னர் திடீரென்று செத்ததும், அந்த அச்சில் இதை வார்த்திருப்பார்கள். என் ஊகம் இது. ஆனால் பலமான ஊகம்.

தமிழ் வாசகருக்கு இந்த இடத்தில் கண்ணகி ஞாபகம் வராமல் இருக்காது. தவறான தீர்ப்பு, குற்றம் சாட்டுகிற குரல், இருக்கையிலேயே போன உயிர். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது, அது சின்னது இல்லை. பாண்டியன் நெடுஞ்செழியன் தன் தவறை வாய்விட்டு ஒத்துக்கொண்டு செத்தான். அதனால்தான் மதுரையில் அவன் ஆவி அலைவதாக யாரும் சொல்வதில்லை. வான் நோட் கதையில் அப்படி ஒரு வார்த்தைகூட இல்லை. பயம் மட்டும்தான் இருக்கிறது. ஒத்துக்கொள்ளாமல் போனவரை மக்கள் போகவிடவில்லை. முந்நூறு வருஷமாக நடக்க வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, கத்தினானே அந்தச் சிப்பாய், அவன் பேர் என்ன? கதையில் அவனுக்குப் பேர் கிடையாது. கவர்னரைக் கூப்பிட்ட கையோடு கதையைவிட்டே போய்விடுகிறான். மணிக்கூண்டுக் கதையிலும் இப்படித்தான். 1697இல் ஆம்ஸ்டர்டாமில் வார்த்த, 300 கிலோ எடையுள்ள மணி அது. அதன் கயிற்றிலேயே ஒரு சிப்பாய் தூக்குப் போட்டுக்கொண்டான் என்றும், அதனால்தான் மணி தானாக அடிக்கிறது என்றும் சொல்கிறார்கள். அவன் பெயரையும் யாரும் சொல்வதில்லை. 1915இலும் 1947இலும் மதில்மேல் ஆளுயரத்துக்கு மேலான ஒரு வெளிச்ச உருவம் தெரிந்ததாகச் சொல்வது இன்னொரு கதை.

பெயரோடு உலாவுகிற இன்னொரு ஆவி ஆன் பர்னார்ட் சீமாட்டி. 1797இல் கணவரோடு வந்து 1802 வரை கேப்பில் இருந்தார். அவர் கணவர் ஆங்கிலேய கவர்னர் மக்கார்ட்னியின் செயலாளர். மக்கார்ட்னியின் மனைவி கூட வராததால், கோட்டையில் விருந்தினரை உபசரிக்கும் பொறுப்பு ஆனுக்கு வந்தது. கவர்னருக்கான குடியிருப்பில் இவர்களே தங்கினார்கள். கடிதம், நாட்குறிப்பு, ஓவியம் என்று ஏராளமாக விட்டுப் போயிருக்கிறார். நடன அறைக்கு இன்றும் அவர் பெயர்தான். முக்கியமான விருந்தாளி வந்தால் அவர் ஆவியும் வரும் என்கிறார்கள். ஊரை விட்டுக் கப்பலேறி, 1825இல் லண்டனில் வயதாகி இறந்த ஒரு பெண்மணி ஏன் இங்கே திரும்பி வர வேண்டும்? அவருக்கு இங்கே அநியாயம் எதுவும் நடக்கவில்லை. அவர் எழுதியது நிறைய மிஞ்சியிருக்கிறது, அவ்வளவுதான் காரணம். காகிதம் மிஞ்சினால் பேயும் மிஞ்சும்.

அந்த மக்கார்ட்னியைத் தமிழ்நாடு நன்றாகவே அறியும். கேப்புக்கு வருமுன், 1781 முதல் 1785 வரை அவர் சென்னை கவர்னர். ஹைதர் அலியோடு போர் நடந்த அந்தக் காலத்தில்தான், 1781இல், நாகப்பட்டினத்தை டச்சுக்காரர்களிடமிருந்து ஆங்கிலேயப் படை பிடித்தது. அதே ஆள் 16 வருஷம் கழித்து, டச்சுக்காரர்களிடமிருந்து பறித்த இன்னொரு கோட்டையில் வந்து உட்கார்ந்தார். நாகப்பட்டினத்துக்கும் இந்தக் கோட்டைக்கும் நடுவே ஆட்கள் போய்வருவது அதற்கும் நூறு வருஷம் முன்பே தொடங்கியிருந்தது. அவர்கள் யாரும் இஷ்டப்பட்டுக் கப்பல் ஏறவில்லை.

அந்த நினைப்பை எனக்குள் கிளப்பிவிட்டது என் பெரியம்மாதான். டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் வாழ்நாளெல்லாம் இருந்தவர். கரும்புத் தோட்டத்துக்குக் கூலியாக வந்தவரின் பேத்தி. பேய்க் கதைகளில் அவருக்கு நல்ல பழக்கம். சாட்ஸ்வொர்த்தில் வளர்ந்த யாருக்கும் ஹைவே ஷீலாவைத் தெரியாமல் இருக்காது; ஹிகின்சன் ஹைவேயில் இரவில் கைகாட்டி லிப்ட் கேட்டு, காரில் ஏறி, பாதி வழியில் காணாமல் போகிற அழகி. பெரியம்மா அதை எங்களுக்குச் சொல்லும்போது, சோறு ஊட்டுகிற கை அப்படியே நிற்கும். அவரை ஒருமுறை கோட்டைக்குக் கூட்டிப் போனேன். வழிகாட்டிப் பெண் கடைசியாக எங்களை 'டோங்கர் காட்' என்ற இருட்டறைக்குள் அழைத்துப் போனார். ஜன்னல் கிடையாது. குளிர்காலத்தில் கடல் பொங்கினால் தண்ணீர் உள்ளே ஏறிவிடும், சங்கிலியில் கிடந்தவர்கள் மூழ்கிப் போவார்கள் என்று சொல்லிவிட்டு, கனத்த மரக் கதவைச் சாத்தி விளக்கை அணைத்தார். என் கை எனக்கே தெரியவில்லை. ஈரக் கல்லின் வாடை மட்டும் மூக்கில் ஏறியது. யாரோ ஒரு குழந்தை சிணுங்கியது. பெரியம்மா என் முழங்கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

விளக்கு வந்ததும் அவர் கேட்டார்: "கவர்னர் பேய், தொரசாணி பேய் எல்லாம் சரி தம்பி. இதுக்குள்ள கெடந்து செத்தவன் எங்க போனான்? அவனுக்குப் படையல் போட்டது யாரு?"

நான் அதை வழிகாட்டியிடம் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்து, அப்படி ஒரு கதை எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கப்படவில்லை என்றார்.

பெரியம்மாவின் கேள்விக்கு வரலாறு கொடுக்கிற பதில் இது. 1658 முதல், அடிமை வியாபாரம் நிறுத்தப்பட்ட 1808 வரை, கேப்புக்குக் கொண்டுவரப்பட்ட அடிமைகள் சுமார் 63,000 பேர் என்பது ஆய்வாளர்கள் பொதுவாக ஏற்கும் கணக்கு. அதில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு இந்தியாவிலிருந்து: வங்காளம், மலபார், சோழமண்டலக் கரை. பழவேற்காட்டிலும், 1658க்குப் பிறகு நாகப்பட்டினத்திலும் டச்சுக் கம்பெனி கோட்டை வைத்திருந்தது. 1659 முதல் 1661 வரை தஞ்சைச் சீமையில் படையெடுப்பும் பஞ்சமும் சேர்ந்து தாக்கியபோது, சோற்றுக்காகத் தங்களையும் பிள்ளைகளையும் விற்றவர்களைக் கம்பெனி ஆயிரக்கணக்கில் வாங்கிக் கப்பல் ஏற்றியது. பெரும்பாலோர் இலங்கைக்கும், இன்றைய ஜகார்த்தாவான பத்தாவியாவுக்கும் போனார்கள். அப்புறம் வந்த வருஷங்களில், ஊர் திரும்பும் கப்பல்களில் வந்த அதிகாரிகள் ஆட்களைக் கேப்பில் இறக்கி லாபத்துக்கு விற்பது வாடிக்கையானது.

இறங்கியதும் பெயர் போய்விடும். எழுத்தர் தனக்கு வசதியாக ஒரு பெயர் போடுவார்: குபிடோ, சிபியோ, டைட்டஸ், செப்டம்பர், பிப்ரவரி. பின்னால் 'வான் கோரமண்டல்', 'வான் மலபார்', 'வான் பெங்காலன்' என்று ஊர்ப்பக்கம் ஒட்டிக்கொள்ளும். இன்றும் கேப்டவுனில் செப்டம்பர் என்ற குடும்பப் பெயரோடு நிறைய பேரைப் பார்க்கலாம். பெயரே மாறிவிட்டால் பேய்க்கு என்ன பெயர் வைப்பது?

1714இல் நடந்த ஒரு வழக்கை எடுத்துக்கொள்வோம். ஒரு பண்ணை முதலாளி கொல்லப்பட்டார். அவர் மனைவி மரியா மூட்டானும் இரண்டு அடிமைகளும் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. மூவருக்கும் மரண தண்டனை. அந்த இருவரில் ஒருவர் வங்காளத்திலிருந்து வந்த டைட்டஸ். அவரைக் கழுவேற்றினார்கள். உயிர் பிரிய இரண்டு நாள் ஆனது. கொலை கொலைதான், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் இரண்டு நாள் கழுவில் கிடந்த ஒருவர் பேயாகவில்லை, படுக்கையில் நிம்மதியாக இறந்த சீமாட்டி பேயானார் என்றால், கதை சொன்னவர்களின் கண்ணுக்கு யார் மனிதராகத் தெரிந்தார்கள் என்று விளங்கிவிடுகிறது. இந்த இடத்தில் எனக்குக் கோபம் வருகிறது.

நம் வழக்கம் இதற்கு நேர் எதிர். அரசன் மாறுகால் மாறுகை வாங்கிய மதுரைவீரன் நமக்குத் தெய்வம். கழுவேறிய காத்தவராயன் தெய்வம். அநியாயமாகச் செத்தவனின் கோபத்தைச் சும்மா விட்டால் ஊருக்கு ஆகாது என்று, அவனுக்குக் கல் நட்டு, பொங்கல் வைத்து, சாராயமும் சுருட்டும் படைத்து, தன் பக்கம் சேர்த்துக்கொண்ட ஊர்கள் நம்முடையவை. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பன் வந்தது. 1911 வரை டர்பன் இருக்கிற நேட்டால் பகுதிக்குச் சுமார் 1,52,000 பேர் கூலிகளாக வந்தார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கு சென்னை வழியாக வந்தவர்கள். அவர்கள் மதுரைவீரனையும் முனீஸ்வரனையும் காட்டேரியையும் கூடவே கொண்டுவந்து, கரும்புக் காட்டு லயங்களின் ஓரத்தில் குடிவைத்தார்கள். அதற்கு இருநூறு வருஷம் முன்னால் கேப்புக்கு வந்தவர்களால் அது முடியவில்லை. கூட்டமாக ஒரு ஊர்க்காரர்கள் சேர்ந்திருக்க விடவில்லை. குடும்பத்தைப் பிரித்து விற்றார்கள். பெயர் சொல்லிப் படைக்க யாரும் மிஞ்சவில்லை.

நேட்டாலில் நம் பக்கத்து வீட்டுச் சூலுக்காரர்களிடமும் இதற்கு ஒரு முறை உண்டு. வீட்டுக்கு வெளியே ஒருவர் இறந்தால், உம்லாஹ்லங்கோசி என்ற முள்மரத்தின் கிளையோடு அந்த இடத்துக்கே போய், பெயர் சொல்லி ஆவியை வீட்டுக்கு அழைத்து வருவார்கள். ஆஸ்பத்திரி வாசலில், சாலையோர விபத்து நடந்த இடத்தில் இதைப் பார்க்காத டர்பன்காரர் குறைவு. இந்தக் கோட்டையில் சிறையிருந்தவர்களில் சூலு மன்னர் செட்ஷ்வாயோவும் உண்டு. 1879 போரில் தோற்றதும் அவரை இங்கேதான் கொண்டுவந்தார்கள். அவருக்கும் லங்கலிபலேலே, செகுகுனே, டோமன் ஆகிய மற்ற மூன்று தலைவர்களுக்கும் 2016இல் முற்றத்தில் சிலை வைத்தார்கள். நல்ல காரியம். அது தலைவர்களுக்குக் கிடைத்தது.

கதைகளைச் சுமந்து வந்தவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. இது இன்றைக்கும் பாதுகாப்புத் துறையின் பொறுப்பில் உள்ள கட்டடம். முந்நூற்றைம்பது வருஷமாக இரவுக் காவல் நின்றது இளம் சிப்பாய்கள். கோடையில் தென்கிழக்குக் காற்று இந்த ஊரை உலுக்கும்; கதவு அடிக்கும், கயிறு ஆடும், மணி முனகும். தூக்கம் இல்லாத கண்ணுக்கு மதில்மேல் உருவம் தெரிவதில் ஆச்சரியமில்லை. அவர்கள் கண்டதற்கு என்ன பெயர் வைப்பது என்பதைத்தான் அவர்கள் படித்த, கேட்ட கதைகள் முடிவு செய்தன. அந்தக் கதைகளில் இருந்தது கவர்னர்களும் சீமாட்டிகளும்தான்.

கதையில்லாமல் போனவர்கள் 2003இல் தாங்களாகவே வெளியே வந்தார்கள். கிரீன் பாயின்ட் பகுதியில் பிரெஸ்ட்விச் தெருவில் கட்டடம் கட்டத் தோண்டியபோது எலும்புக்கூடுகள் கிடைத்தன. ஒன்றிரண்டு இல்லை, இரண்டாயிரத்துக்கும் மேல். அடிமைகள், ஏழைகள், மாலுமிகள் என்று தேவாலயக் கல்லறையில் இடம் கிடைக்காதவர்கள். தோண்டுவதை நிறுத்துங்கள், இவர்கள் எங்கள் முன்னோர் என்று கேப்டவுன் மக்கள் போராடினார்கள். கட்டட வேலை நிற்கவில்லை, எலும்புகளை அருகே ஒரு நினைவகத்தில் பெட்டிகளில் அடுக்கி வைத்தார்கள். சர்ச் ஸ்கொயரில், அடிமை விடுதிக்குப் பக்கத்தில், 2008இல் 11 கருங்கல் பாளங்கள் வைத்தார்கள். அவற்றில் அடிமைகளின் பெயர்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன.

பெரியம்மாவிடம் இதையெல்லாம் போனில் சொன்னபோது, பெயர் தெரிந்தால் போதும், ஆடி மாசம் கூழ் ஊற்றும்போது சேர்த்துச் சொல்லிவிடலாம் என்றார். பெயர்கள் கிடைக்கவும் செய்யும். நீதி சபையின் வழக்குக் கட்டுகள் ரோலண்ட் தெரு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பழைய சிறைச்சாலை இருந்த அதே இடம். அடிமைகளின் வாக்குமூலம், உத்தேச வயது, பிறந்த கரை எல்லாம் அவற்றில் எழுதியிருக்கிறது. சிலருக்கு ஊர்ப் பெயரே ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது, டச்சு எழுத்தர் காதில் விழுந்தபடி சிதைந்து. டச்சு தெரிந்த ஆய்வாளர்கள் அந்தப் பக்கங்களை வருஷக்கணக்காகப் படியெடுத்து வருகிறார்கள். அந்தச் சிதைந்த எழுத்துக்கு அடியில் இருப்பது முத்துவா, மாரியா, சின்னாத்தாளா என்று கண்டுபிடிக்கத் தமிழ் தெரிந்தவர்கள் வேண்டும். சோழமண்டலக் கரை என்று குறித்திருக்கிற வழக்குகளிலிருந்து தொடங்கலாம்.